மாப்பிள்ளை அனுப்பாத கடிதம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முகத்துக்கு நேரே டீச்சர் என்பார்கள். வண்டியை விட்டு இறங்கியதும் பிரேக் அக்கா. பயிற்சி வண்டியில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் மிதி உண்டு. மற்ற ஆசிரியர்கள் அதை ஆபத்துக்கு மட்டும் தொடுவார்கள். இவளுடைய கால் வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும் வரை அதன் மேலேயே இருக்கும். "எதிர்ல லாரி வருது, பார்த்தீங்களா?" என்று கேட்பாள். "பார்த்தேன் டீச்சர்" என்று பதில் வந்தால் நம்பமாட்டாள். "என்ன கலர்?" என்று அடுத்த கேள்வியைப் போடுவாள்.

இந்த வேலையால் வந்த குணமா, குணத்துக்கு ஏற்ற வேலை அமைந்ததா என்பது அவள் கணவருக்கே தெரியாது. அவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். கடையில் பால் வாங்கினால் அவள் முன்வரிசைப் பாக்கெட்டைத் தொடமாட்டாள். கையை உள்ளே விட்டுக் கடைசியில் இருப்பதை உருவுவாள். வீட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள். பாதிப் படி இறங்கியபின் திரும்ப ஏறிவந்து இன்னொரு முறை இழுப்பாள். அவர் கீழே நின்றபடி, "விடும்மா, அப்புறம் பூட்டுக்கே சந்தேகம் வந்துடப் போகுது" என்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா. கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை அங்கே ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கிறார். பேச்சில் தேன் ஒழுகும் மனிதர். பிரேக் அக்காவுக்கு அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அவளுக்குக் குறை. 'ஒரு மனுஷன் எப்பவும் எப்படிச் சிரிச்சுக்கிட்டே இருக்க முடியும்?' என்று கல்யாணமான நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

பாப்பா அப்போது ஏழாம் மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு அம்மா வருவதைப் பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம், "இன்னும் நாள் இருக்கேம்மா, பார்க்கலாம்" என்றே சொல்லிவந்தாள். அந்த நிலையில்தான் ஒரு மத்தியானம், பிரேக் அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், மாப்பிள்ளை போன் செய்தார்.

"அத்தை, உங்க பாஸ்போர்ட் கையில இருக்கா?"

எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்கிற மாப்பிள்ளை இல்லை அவர். வழக்கமாக மாமா நலமா, முழங்கால் வலி எப்படி என்று ஒரு சுற்று வந்துதான் விஷயத்துக்கு வருவார். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏன்? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல அத்தை, பயப்படாதீங்க. பாப்பாவுக்கு திடீர்னு பிரஷர் ஏறிடுச்சு. ஆபரேஷன் பண்ணி குழந்தையை வெளிய எடுத்துட்டாங்க. பொண்ணு. ரொம்பச் சின்னதா இருக்கு. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. நீங்க உடனே கிளம்பி வந்தா நல்லாயிருக்கும்."

"பாப்பாகிட்ட குடுங்க."

கொஞ்சம் தயக்கம். "தூங்குறா அத்தை."

"எழுந்ததும் பேசச் சொல்லுங்க."

"சரி அத்தை."

பேசவில்லை. சாயங்காலம் இவளே பாப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டால், டாக்டர் வந்திருக்கிறார் என்றார். மறுபடி கூப்பிட்டால், இப்போதுதான் மருந்து கொடுத்தார்கள், கண் அசந்திருக்கிறாள் என்றார்.

பிரேக் அக்காவின் மனம் எந்தத் திசையில் ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெற்ற மகள் உயிரோடுதான் இருக்கிறாளா என்பது முதல் சந்தேகம். அதை வாய்விட்டுச் சொல்லப் பயந்து, சின்னச் சந்தேகங்களாக உடைத்துக் கணவரிடம் சொன்னாள். இரண்டு பேருக்கும் சண்டையாக இருக்குமோ? பாப்பா கோபித்துக்கொண்டு வேறெங்காவது போய்விட்டாளோ? ஆஸ்பத்திரியே பொய்யோ? கணவர் லிஃப்டுக்கு எண்ணெய் போடுகிற டப்பாவைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் இருக்காது" என்றார். எதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று அவரையும் ஒரு பார்வை பார்த்து வைத்தாள்.

பாஸ்போர்ட் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால், மகள் கல்யாணத்தின்போது, எப்போதாவது போக வேண்டி வரும் என்று எடுத்தது. பீரோவின் மேல்தட்டிலேயே கிடந்து, ஒரு முத்திரை கூட விழாமல் காலாவதியாகியிருந்தது.

மறுநாள் காலையில் பயிற்சி வகுப்புகளை இன்னொரு ஆசிரியரிடம் தள்ளிவிட்டு பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் தோள்பையோடு நின்ற ஒருவன் தானாக வந்து ஒட்டிக்கொண்டான்.

"அவசரமா அக்கா? உள்ள போனா அலையவிடுவாங்க. எங்கிட்ட குடுங்க, நாளைக்கே கையில வாங்கித் தரேன். உள்ள எல்லாரும் நம்ம ஆளுங்க."

"அப்படியா? உன் பாஸ்போர்ட்டைக் காட்டு."

"எனக்கா? எனக்கு எதுக்குக்கா பாஸ்போர்ட்?"

"உனக்கே ஒண்ணு வாங்கிக்கல. எனக்கு வாங்கித் தரப் போறியா?" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

அவசர விண்ணப்பங்களைப் பார்க்கும் அறை மாடியில் இருந்தது. வரிசையாக நாற்காலிகள். சுவரில் ஓடாத ஒரு மின்விசிறி, ஓடுகிற ஒரு மின்விசிறி. எல்லோரும் ஓடுகிற பக்கமாக நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரியம்மா. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பழைய பாஸ்போர்ட்டைப் பிரித்தார். படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து ஆளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

"பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது மேடம். அப்புறம் முடி நரைச்சிடுச்சு."

"காதும் வேற மாதிரி இருக்கே."

"அப்ப பெரிய தோடு போட்டிருந்தேன்."

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. ஒரு வெற்றுத் தாளை நகர்த்தி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டாள். இரண்டையும் பழையதோடு வைத்துப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் எரிச்சல் வந்திருக்கும். பிரேக் அக்காவுக்கு அந்த அம்மாள் மேல் ஒரு மரியாதைதான் வந்தது. தானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாள். மூன்றாவது முறையும் போடச் சொல்லியிருப்பாள்.

"என்ன அவசரம்?"

சொன்னாள்.

"இந்த ரூமுக்கு வர்ற எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் ஆஸ்பத்திரியிலதாம்மா இருக்காங்க. போன மாசம் ஒருத்தர் மாமியாருக்கு ஹார்ட் அட்டாக்னு அழுதாரு. கூடவே மாமியாரும் வந்து வெளிய உக்காந்திருந்தாங்க." கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "உங்க பொண்ணு இருக்கிற ஆஸ்பத்திரியில இருந்து ஒரு லெட்டர் வேணும். பேஷண்ட் பேரு, என்ன சிகிச்சை, நீங்க ஏன் வரணும், டாக்டர் கையெழுத்து. இருந்தா நாளைக்கே பாஸ்போர்ட். இல்லேன்னா சாதாரண வரிசை."

வெளியே வந்து படிக்கட்டிலேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். கேட்டதும் அவர் குரல் ஒரு மாதிரி ஆனது.

"லெட்டரா? லெட்டர் இல்லாம முடியாதா அத்தை?"

"ஆஸ்பத்திரியிலதான இருக்கீங்க? ஒரு லெட்டர் வாங்க என்ன கஷ்டம்?"

"இல்ல... கேட்டுப் பார்க்குறேன்."

சிறிது நேரத்தில் ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் போட்ட, பார்வையாளர் நேரம் அச்சடித்த அட்டை. மகள் பெயர் எங்கேயும் இல்லை. அதிகாரியம்மாவிடம் காட்டினாள். அதைக் காட்டுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. "இதை வாசல்ல நிக்கிறவங்க யாரு வேணும்னாலும் வாங்கலாமேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

'மாப்பிள்ளை பொய் சொல்கிறார்' என்று பிரேக் அக்கா முடிவே கட்டிவிட்டாள். பேருந்தில் வரும்போது, கல்யாணத்தில் அவர் சிரித்த சிரிப்பு வரை ஒவ்வொன்றாக எடுத்து அலசினாள். எல்லாமே இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

வீட்டுப் படியேறும்போது மேலே கணவரின் குரல் கேட்டது. வேலைக்குப் போயிருக்க வேண்டிய மனிதர். கதவு ஒருக்களித்திருந்தது. அவர் கதவுக்கு முதுகைக் காட்டி, தொலைபேசிக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு இன்னும் தெரியாது மாப்பிள்ளை. நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்களே பாப்பாகிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க..."

அவள் உள்ளே வந்து கைப்பையை மேஜை மேல் வைத்தாள். அந்தச் சத்தத்தில் அவர் திரும்பினார். போனை அணைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"எனக்கு என்ன தெரியாது?"

"உக்காரு."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். பாப்பா இருக்காளா இல்லையா? அதை மட்டும் முதல்ல சொல்லுங்க."

"ஐயோ, என்ன பேச்சு இது! நல்லா இருக்கா. இன்னைக்குக் காலையில எங்கிட்ட பேசினா."

"உங்ககிட்ட பேசினாளா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. அவர்தான் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த நாட்டில் நோயாளியின் சம்மதம் இல்லாமல் ஆஸ்பத்திரி ஒரு வரிகூட எழுதித் தராது. சம்மதம் தரச்சொல்லி மாப்பிள்ளை கேட்டார். பாப்பா முடியாது என்றுவிட்டாள். மாப்பிள்ளை இங்கே போன் செய்ததே அவளுக்குத் தெரியாமல்தான்.

"ஏன் முடியாதுங்கிறா?"

"நீ வரவேண்டாமாம்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

அவர் அப்போதுதான் கையிலிருந்த போனை அணைத்தார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முதல் தடவை கரு கலைஞ்சப்ப, நீ அவகிட்ட போன்ல என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. பாப்பா அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், எதையாவது கனமாகத் தூக்கினாயா என்று கேட்டிருந்தாள். வண்டி ஓட்டினாயா? படியில் வேகமாக இறங்கினாயா? மாத்திரையைச் சரியாகப் போட்டாயா? உண்மையைச் சொல், உனக்கும் அவருக்கும் ஏதாவது தகராறா? ஒன்றுக்கும் இல்லை என்று வந்த பதில்களை அவள் நம்பவில்லை. அடுத்த நாளும் கேட்டாள்.

"உன்னைப் பொறுத்தவரைக்கும் அது அக்கறை" என்றார் கணவர். "அவளுக்கு அது போலீஸ் விசாரணை. 'இந்தத் தடவையும் நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு அம்மா வந்து கண்டுபிடிப்பாங்க, என்னால தாங்க முடியாதுப்பா'ன்னு சொல்றா. நான் என்ன செய்ய?"

பிரேக் அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள். வெகுநேரம் கழித்து வந்து, "அவளா கூப்பிடாம நான் போகமாட்டேன். மாப்பிள்ளைகிட்ட, இனிமே அவளைக் கேட்க வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள். அப்படிச் சொன்னாளே தவிர, கணவர் மகளிடம் அதையும் சரியாகச் சொல்வாரா என்று சந்தேகமாகவே இருந்தது. அதனால் தானே போனில் குரலைப் பதிவு செய்து அனுப்பினாள். நான்கு முறை பேசி அழித்துவிட்டு, கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "பாப்பா, அம்மா பேசுறேன். நீ வேண்டாம்னா நான் வரல. அப்பா எல்லாம் சொன்னாரு. உடம்பைப் பாத்துக்கோ."

மறுநாள் வேலைக்குப் போனாள். பூக்கடைக்காரர் ஒருவருக்கு வகுப்பு. ஐம்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். ஸ்டியரிங்கைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடிப்பார். அன்று வட்டச் சாலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. வகுப்பு நேரத்தில் எடுக்கவே மாட்டாள். திரையில் பாப்பா என்று இருந்தது.

"ஓரமா நிறுத்துங்க."

"எங்க டீச்சர்?"

"எங்கயாவது!"

அவர் மிரண்டுபோய் நடைபாதையோரம் நிறுத்தி, தானாகவே இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

"அம்மா."

"ம்."

"நீ அனுப்பினதைக் கேட்டேன்."

"ம்."

பின்னால் ஏதோ இயந்திரத்தின் டிக் டிக் ஓசை. பிரேக் அக்காவின் வாய்க்குள் கேள்விகள் முட்டிக்கொண்டு நின்றன. எப்போது பிரஷர் ஏறியது, முன்பே தெரியாதா, டாக்டரிடம் எப்போது போனாய், குழந்தை எவ்வளவு எடை. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா பேசமாட்டேங்கிற?"

"என்ன கேட்டாலும் தப்பா கேட்டுடுவேனோன்னு இருக்கு."

"ஏதாவது ஒண்ணு கேளேன்."

அவள் யோசித்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. "ரொம்ப வலிக்குதும்மா. குழந்தையைத் தூக்கவும் விடமாட்டேங்கிறாங்க. ஓட்டை வழியா விரலை விட்டுத் தொடலாம், அவ்வளவுதான். கை எல்லாம் தோலாத்தான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

பிரேக் அக்கா அழுகை ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை. காரின் முன்கண்ணாடிக்கு அப்பால் நின்ற பூக்கடைக்காரர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரியாதையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெட்டருக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள் பாப்பா. "வா. ஆனா யாரு தப்புன்னு கண்டுபிடிக்கிறதுக்கு வராத."

"சரி."

"சத்தியமா?"

தன் மகளுக்கும் தன் குணம்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "சத்தியமா" என்றாள்.

கடிதம் வந்தது. அதிகாரியம்மா அதை வரிவரியாகப் படித்தார். கடிதத்தில் இருந்த எண்ணுக்குத் தானே போன் செய்து, டாக்டர் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச்சொல்லிக் கேட்டார். பிறகுதான் முத்திரையைக் குத்தினார். புதிய படத்துக்காக அவளை உட்காரவைத்தபோது, "தோடு போடலியா?" என்றார். முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது. அடுத்த நாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் அங்கேயே நின்று அவள் சரிபார்ப்பாள் என்று தெரிந்தோ என்னவோ, அதிகாரியம்மா அடுத்தவரைக் கூப்பிடாமல் காத்திருந்தார். அந்த நாட்டு விசா கம்ப்யூட்டரிலேயே கிடைத்துவிடுகிற வகை. மாப்பிள்ளை அதை வாங்கி, பயணச்சீட்டும் போட்டுவிட்டார்.

அந்த ஊர் விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். தாடி வளர்ந்து, சட்டையின் பித்தான்கள் மாற்றிப் போடப்பட்டிருந்தன. சிரிக்கவில்லை. சிரிக்காத மாப்பிள்ளையை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவரும் ஒரு சாதாரண மனிதர்தான் என்று தோன்றியது. கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் அவள் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா மாப்பிள்ளை? பாப்பாவுக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சும் எனக்கு ஏன் போன் பண்ணீங்க?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க எல்லாரும் நல்லா பேசுறாங்க அத்தை. நர்ஸ் வந்து எல்லாம் நல்லா இருக்குங்கிறாங்க. டாக்டர் வந்து கவலைப்படாதீங்கங்கிறாரு. நானும் பாப்பாகிட்ட அதையே சிரிச்சுக்கிட்டே சொல்றேன். உள்ளுக்குள்ள எனக்கு ஒண்ணு மேலயும் நம்பிக்கை வரல. என்கூட சேர்ந்து சந்தேகப்படுறதுக்கு ஒரு ஆள் வேணும்னு தோணுச்சு. எனக்குத் தெரிஞ்சு அதுல உங்களைவிட யாரு இருக்கா?"

கிண்டல் செய்கிறாரோ என்று அவரை உற்றுப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "சரி, ரோட்டைப் பாருங்க" என்றாள்.

பாப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. பிரேக் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, கலைந்திருந்த தலைமுடியைப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள். சத்தியத்தைக் காப்பாற்றுவதற்கு வாயைவிடக் கைகளுக்கு வேலை கொடுப்பது சுலபமாக இருந்தது. இரண்டாம் நாள், பழைய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று, "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டது..." என்று ஆரம்பித்தாள்.

"இப்ப வேண்டாம்மா" என்றாள் பாப்பா. அதோடு விட்டுவிட்டாள். பிறகும் அவர்கள் அதைப் பேசவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் டாக்டர் வந்து, எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது, பாப்பா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "கேளும்மா."

"என்னத்தைக் கேக்க?"

"உனக்கு என்னவெல்லாம் தோணுதோ அதெல்லாம். என்னைக் கேக்காத. அவரைக் கேளு."

பிரேக் அக்கா எழுந்து நின்றாள். நல்லபடியா என்றால் என்ன? நேற்றைவிட இன்று எது நல்லது? மூச்சு தானாக விடுகிறதா, குழாய் விடுகிறதா? பால் எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்புகிறது? அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் ஓடிவருவது யார், அவர் சாப்பிடப் போயிருந்தால் யார்? மாப்பிள்ளை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். மொழிபெயர்க்கும் சாக்கில் தன்னுடைய கேள்விகளையும் இடையில் சேர்த்துக்கொண்டார். டாக்டர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார். சில பதில்கள் நல்லவையாக இல்லை. அவற்றைக் கேட்டபிறகுதான் பாப்பா, குழந்தை பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, நன்றாகத் தூங்கினாள்.

குழந்தைக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தது. ஒருமுறை எடை இறங்கியது. மாமியாரும் மாப்பிள்ளையும் முறை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். நர்ஸ் எடை சொல்லிவிட்டுப் போனதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை போய் இன்னொரு முறை கேட்டுவிட்டு வருவார். அந்த நர்ஸ்கள் இவர்கள் இரண்டு பேருக்கும் தங்கள் மொழியில் ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். என்ன பெயர் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார்.

குழந்தை வீட்டுக்கு வந்த நாளில், துணிப் பொதிக்குள் அது கொட்டாவி விட்டது. பாப்பா அதை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். பிரேக் அக்கா பொதியைப் பிரித்து, கைவிரல்களையும் கால்விரல்களையும் எண்ணினாள்.

"எல்லாம் இருக்கா?" என்றாள் பாப்பா.

"இரு, இன்னொரு தடவை எண்ணுறேன்."

"எண்ணு" என்று சொல்லிவிட்டு, பாப்பா அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு தானும் கூடவே எண்ணத் தொடங்கினாள்.